‘அதுவும் சரிதான்’ சார்

தங்கமான மனுஷன். நெய்வேலியில் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு வார்த்தைதான் முதலில் வரும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரிடமும் குரலை உயர்த்தாதவர், யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர், ஓர் எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர் என்று அடுக்குவார்கள். எல்லாம் உண்மை. அதனால்தான் அவர்மேல் உள்ள கோபத்தை இன்றுவரை யாரிடமும் கொட்டித் தீர்க்க முடியவில்லை. ஒரு கெட்டவன் என் பிழைப்பைக் கெடுத்திருந்தால் நாலு பேரிடம் திட்டியாவது ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘அதுவும் சரிதான்’ சார். எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, “அதுவும் சரிதான்” என்பார். மழை வரும் என்றால் அதுவும் சரிதான். பத்து நிமிஷம் கழித்து இன்னொருவர் வந்து இந்த மேகமெல்லாம் கலைந்துவிடும் என்றால் அதுவும் சரிதான். நாங்கள் சிரிப்போம். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சிரிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த வயது.

சுரங்கத்திலிருந்து நிலக்கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கக் கான்ட்ராக்ட் எடுத்திருந்த ஒரு தனியார் கம்பெனி அது. டவுன்ஷிப் ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான அலுவலகம். இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு வருஷங்கள். நான் டேட்டா என்ட்ரி. அவர் சிஸ்டம் பார்ப்பவர். இரண்டு பேர் மேசையும் ஒட்டினாற்போல இருந்தன. அவர் மேசைக்கடியில், செங்கல் வைத்து உயர்த்திய பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டே இருக்கும். அதுதான் எங்கள் கம்பெனியின் மெயில் சர்வர். காற்றில் வரும் சாம்பல் தூசு உள்ளே போகாமலிருக்க அதன் முன்பக்கம் நைந்த பனியன் துணி ஒன்றைக் கட்டியிருப்பார். காலையில் வந்ததும் அந்தத் துணியை அவிழ்த்து, வெளியே போய் உதறி, திரும்பக் கட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

ஒருவர் முகவரிக்கு வருகிற மெயிலை இன்னொருவருக்குத் திருப்பி விடுவது அவருடைய அன்றாட வேலையில் பாதி. கேட்கத்தான் பெரிதாக இருக்கும், விஷயம் எளிது. சர்வருக்குள் ஒரு பட்டியல். ஒரு வரிக்கு ஒரு முகவரி. இடது பக்கம் யாருக்கு வந்தது, வலது பக்கம் யாரிடம் போகவேண்டும். வலது பக்கத்தை அழித்து வேறு பெயர் எழுதி ஒரு கட்டளையைத் தட்டினால் அந்த நொடியிலிருந்து மெயில் வேறு ஆளுக்குப் போகும். முன்பு அங்கே என்ன இருந்தது, யார் கேட்டு எழுதினார்கள் என்பதையெல்லாம் அந்தப் பட்டியல் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அவரும் வைத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் ஊரில் எல்லாமே ஷிஃப்ட். பெல்ட் கிழிந்தால் தகவல் வருவதற்கென்றே தனியாக ஒரு முகவரி உண்டு. அந்த வாரம் எந்த இன்ஜினியர் ஷிஃப்டில் இருக்கிறாரோ அவருக்கு அது போகும்படி திங்கட்கிழமைதோறும் சார் மாற்றி வைப்பார். இன்ஜினியர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். தங்களுக்குள் ஷிஃப்டை மாற்றிக்கொள்வார்கள். ஒரு தடவை ஒரு இன்ஜினியர் அவசரமாக வந்தார்.

“சார், கொழுந்தியா பொண்ணுக்குக் காது குத்து. விருத்தாசலம் கெளம்பிகினு இருக்கேன். பிரேக்டவுன் மெயில அவனுக்குத் திருப்பி வுட்டுருங்க, நான் பேசிட்டேன்.”

“ஆகட்டும் சார்.” மாற்றினார்.

அரை மணி நேரத்தில் அந்த ‘அவன்’, இன்னொரு இன்ஜினியர், வந்தான். “நான் எங்க சார் ஒத்துக்கினேன்? எனக்கும் லீவுதான். அவனுக்கே போவட்டும்.”

“அதுவும் சரிதான்.” திரும்ப மாற்றினார்.

முதல் ஆள் பஸ்ஸில் இருந்து போன் பண்ணினார். மாற்றினார். இரண்டாவது ஆள் சாப்பிட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். மாற்றினார். அன்று மத்தியானம் பெல்ட் கிழிந்தது. தகவல் விருத்தாசலத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றரை மணி நேரம் யாரும் பார்க்கவில்லை. கடைசியில் திட்டு வாங்கியது யார் என்றால், ஸ்பாட்டில் நின்றுகொண்டிருந்த மெக்கானிக். மேனேஜர் சாரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் பதறவே இல்லை. “கடைசியா வந்து சொன்னது அவருதானே சார்” என்றார். அவரைப் பொறுத்தவரை அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது.

இதையும் நாங்கள் சிரித்துக்கொண்டேதான் மற்றவர்களிடம் சொன்னோம். இப்போது நினைத்தால் அந்த மெக்கானிக்கின் முகம் ஞாபகம் வருகிறது. சார் அவனைச் சாயங்காலம் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் வடை வாங்கிக் கொடுத்தார். அவன் சாப்பிட்டான்.

வேலைநிறுத்தக் கதை இன்னொன்று. எங்கள் கான்ட்ராக்ட் ஆட்களிடையே இரண்டு சங்கம் இருந்தது. ஒன்றுக்கொன்று ஆகாது. சார் இரண்டிலும் உறுப்பினர். இரண்டு பக்கமும் வீட்டுக்கு வந்து கேட்டார்களாம், எப்படி இல்லை என்று சொல்வது? ஒரு நாள் ஒரு சங்கம் வேலைக்குப் போகாதே என்றது, மற்றது கட்டாயம் போ என்றது. காலையில் சைக்கிளில் வந்தார். கேட் வரைக்கும் வந்து இறங்கினார். அப்புறம் உள்ளேயும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை அங்கேயே நின்றார். வெயில் ஏறியதும் வாட்ச்மேன், “நெழல்லயாச்சும் நில்லுங்க சார்” என்றான். “அதுவும் சரிதான்” என்று நகர்ந்து நின்றார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நான் பாவி. என் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது அவர் எனக்காக ஆஸ்பத்திரி வரிசையில் விடிகாலையில் போய் நின்று டோக்கன் எடுத்துக் கொடுத்தார். நான் கேட்கக்கூட இல்லை. கம்மாபுரம் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நான் வருவதற்குள் டோக்கன் தீர்ந்துவிடும் என்று அவரே நினைத்துச் செய்தார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “இப்பிடி ஒரு மனுசனப் பாக்க முடியுமாடி” என்று வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த டோக்கன்தான் இன்றைக்கும் என் வாயைக் கட்டுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அப்பா ஆயுள் முழுக்க கான்ட்ராக்ட் கூலியாக இருந்தே போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் ‘பர்மனென்ட்’ என்ற சொல்லை அம்மா சாமி பெயரைச் சொல்வதைப்போலச் சொல்வாள். யாராவது பெண் பார்க்க வந்தால்கூட மாப்பிள்ளை சிவப்பா கறுப்பா என்று கேட்க மாட்டாள், பர்மனென்டா என்றுதான் கேட்பாள். நான் சென்னையில் ஒரு வாரியத்தில் இளநிலை உதவியாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதியிருந்தேன். தேறிவிட்டேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவேண்டும். அது தபாலில் வராது, விண்ணப்பத்தில் கொடுத்த மெயில் முகவரிக்கு மட்டுமே வரும், முகவரி மாற்றம் ஏற்கப்படாது என்று விளம்பரத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் கொடுத்திருந்தது அலுவலக முகவரி. விண்ணப்பித்தபோது எனக்கு வேறு முகவரி கிடையாது. இன்டர்நெட் என்பதே அலுவலகத்தில்தான் இருந்தது.

ஜூன் மாதம் எங்கள் நாலு பேருக்கு கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். என் நாற்காலிக்கு மேனேஜருக்கு வேண்டியவர் வீட்டுப் பெண், கவிதா என்று பெயர், வருவதாக முன்னாடியே பேச்சு அடிபட்டது. எனக்கு நாற்காலியைப் பற்றிக் கவலை இல்லை. நேராக சாரிடம் போனேன்.

“சார், எனக்கு ஒரு உதவி பண்ணணும். இன்டர்வியூ கார்டு என் ஆபீஸ் ஐடிக்குத்தான் வரும். சொந்தமா ஒரு ஐடி இப்பத்தான் ஆரம்பிச்சேன். மூணு மாசத்துக்கு மட்டும் எனக்கு வர்றத அதுக்குத் திருப்பி விடுங்க சார். இது ஒண்ணுதான் சார் எனக்கு இருக்கு.”

“இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு தூரம் கேக்கற?” என்றார். என் கண்ணெதிரேயே அந்த வரியைத் திறந்தார். வலது பக்கம் என் சொந்த முகவரியை எழுத்து எழுத்தாக வாய்விட்டுச் சொல்லியபடி தட்டினார். சோதனைக்கு ஒரு மெயில் அனுப்பினார். வந்தது. “பாத்துக்கம்மா. நீ எந்த ஊர்ல இருந்தாலும் வந்து சேரும்” என்றார். குவார்ட்டர்ஸ் வாசல் மரத்துப் பலாச்சுளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார். கிளம்பும்போது அந்த டப்பாவையே என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் அழுதுகொண்டே தின்றேன்.

அடுத்து நடந்ததெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். நான் கிளம்பிய நாலாம் நாள் மேனேஜர் சாரின் மேசைக்கு வந்திருக்கிறார். பழைய பெண்ணின் முகவரிக்கு ஆர்டர் சம்பந்தமான மெயில்கள் வருமே, அதெல்லாம் கவிதாவுக்குப் போகட்டும் என்றிருக்கிறார். நியாயமான பேச்சுதான். சார் அந்த வரியைத் திறந்திருக்கிறார். வலது பக்கத்தில் இருந்த என் முகவரியை அழித்திருக்கிறார். கவிதாவின் முகவரியை எழுதியிருக்கிறார். அதுவும் சரிதான்.

நான் வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறி மெயின் பஜாரில் இருந்த நெட் சென்டருக்குப் போவேன். பெட்டியைத் திறந்தால் அந்த ஒரே ஒரு சோதனை மெயில் மட்டும் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பாள்.

“இன்னாடி, வந்துச்சா?”

“இன்னும் இல்லம்மா.”

“நல்லாப் பாத்தியா? வேற யார் வூட்டுக்காவது பூடப் போவுது.”

“கம்ப்யூட்டர்ல அப்படியெல்லாம் போவாதும்மா” என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் சந்தேகப்பட்டு அந்த வாரியத்தின் தளத்தைத் திறந்து பார்த்தேன். நேர்முகத் தேர்வு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. என் எண்ணுக்கு நேரே ‘வருகை தரவில்லை’ என்றிருந்தது. நெட் சென்டர்க்காரர், “மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வெளியே வந்து அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கவிதாவைக் கூப்பிடச் சொன்னேன். “ஆமாக்கா, ஏதோ இன்டர்வியூன்னு உங்க பேர்ல ஒண்ணு வந்துச்சு. உங்களுக்கும் வந்திருக்கும்னு நெனச்சு அழிச்சிட்டேன்க்கா” என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த மெயில் வந்தபோது அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக அலுவலகம் போனேன். நடந்துதான் போனேன். டவுன்ஷிப்பின் நேர்நேரான சாலைகளில் அந்தக் கோபத்தோடு நடந்தால் முடிவே வராதுபோல இருக்கும். அவர் சர்வரின் துணியை உதறிக்கொண்டு வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும், “வாம்மா, வாம்மா, அம்மா நல்லா இருக்காங்களா?” என்றார்.

“என் இன்டர்வியூ போயிடுச்சு சார்.”

சொன்னேன். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். மறுப்பார், மேனேஜர்மேல் போடுவார், நான் பதிலுக்குக் கத்துவேன் என்று வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தப்புதாம்மா. முழுக்க என் தப்பு” என்றார்.

“தெரியாம அழிச்சிட்டீங்களா சார்?”

“தெரிஞ்சுதாம்மா. உன் ஐடி அங்க இருந்தது. பாத்தேன்.”

“ரெண்டு பேருக்கும் போறமாதிரி போட்டிருக்கலாமே சார்! நடுவுல ஒரு கமாதானே!”

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் சொல்லித்தான் தெரியும். மேனேஜர் அதற்கு முந்தின வருஷம் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது, தன் மெயில் தனக்கும் வரவேண்டும், உதவி மேனேஜருக்கும் போகவேண்டும் என்றார். சார் எழுந்து நின்று, “ஒரு கமா போட்டா போதும் சார், பத்துப் பேருக்கு வேணும்னாலும் போகும்” என்று விளக்கினார். பக்கத்து மேசையில் உட்கார்ந்து இரண்டு காதாலும் கேட்டேன்.

“போட்டிருக்கலாம்மா” என்றார் இப்போதும். “அதுவும் சரிதான். அவரு கவிதாவுக்குன்னாரு. உனக்கும் சேத்துன்னு சொல்லல.”

எப்படிச் சண்டை போடுவது இந்த மனுஷனோடு? ஓங்கின கை அப்படியே நிற்கிறது, எதிரே அடிக்க ஒன்றும் இல்லை. அவரே எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்று அவர் மேசையிலிருந்த போனிலேயே வாரியத்துக்குப் பேசினேன். யாரோ ஒரு நல்ல மனுஷர் எடுத்தார். தக்க காரணத்தால் வராதவர்களுக்கென்று மாசக் கடைசியில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம், உங்கள் அழைப்பு உங்களுக்கு வந்து சேரவில்லை என்று நீங்கள் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்தே ஒரு கடிதம் அனுப்பினால் சேர்த்துக்கொள்வோம் என்றார். போனை வைப்பதற்குள் சார் கம்பெனித் தாளை எடுத்துவிட்டார். அழகான கையெழுத்து அவருக்கு. ‘எங்கள் அலுவலகத்தில் நேர்ந்த தவறினால் மேற்படி நபருக்குரிய மின்னஞ்சல் வேறொருவருக்குச் சென்றுவிட்டது’ என்று ஒளிக்காமல் எழுதினார். கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தார். அவரே ஸ்கேன் செய்து, பதில் என் சொந்த முகவரிக்கு வரவேண்டும் என்று குறித்து அனுப்பினார். எனக்குக் கோபம் முக்கால்வாசி இறங்கிவிட்டது. தங்கமான மனுஷன் என்று நானே வீட்டில் போய்ச் சொன்னேன்.

எட்டு நாள் கழித்து வாரியத்திலிருந்து பதில் வந்தது. நெட் சென்டரில் பத்து தடவையாவது படித்திருப்பேன். ‘மேற்படி அலுவலகத்தின் முந்தைய கடிதத்தைக் கருத்தில் கொள்ள வேண்டாமென அவ்வலுவலகமே பின்னர் தெரிவித்துள்ளது. முகவரித் திருப்பம் விண்ணப்பதாரரின் சொந்த வேண்டுகோளின் பேரிலேயே செய்யப்பட்டதாகவும் தெரிவித்துள்ளது. எனவே தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’

என் சொந்த வேண்டுகோள். ஆமாம், நான்தான் கேட்டேன். ஜூன் மாதம் அவர் மேசை முன்னால் நின்று கெஞ்சிக் கேட்டேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்பட்டமாகப் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

விடுபட்டவர்களுக்கான நாளுக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பதிலை ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவர் குவார்ட்டர்ஸுக்கே போனேன். அவர் மனைவி டவுன்ஷிப்பில் டீச்சர், அந்த அம்மாவுக்குக் கொடுத்த வீடு. போகும் வழியில் எனக்கு ஒன்று உறைத்தது. கடைசியாக வந்தவர் பேச்சைக் கேட்பவர் என்று நாங்கள் எல்லோரும் அவரை நினைத்துச் சிரித்தது தப்பு. அலுவலக ஏசியைக் கூட்டு, குறை என்று யார் வந்து சொன்னாலும் எழுந்து மாற்றுவார் என்போம். ஆனால் பெருக்க வரும் அம்மா எத்தனையோ தடவை கடைசியாக வந்து, “குளுருதுங்கய்யா, செத்த நேரம் நிறுத்துங்க” என்றிருக்கிறாள். “ஆகட்டும்மா” என்று சிரிப்பார். ஒரு நாளும் எழுந்ததில்லை. அந்த மெக்கானிக் சொல்லி எதையாவது மாற்றியிருக்கிறாரா? இல்லை. கமா போட அவருக்குத் தெரியும். யாருக்குப் போட வேண்டும் என்பதும் தெரியும். அவருடைய நல்ல மனசு எல்லோருக்கும் உண்டு, டோக்கன் எடுப்பார், வடை வாங்கித் தருவார், பலாச்சுளை தருவார். அவருடைய பயம் மட்டும் மேலே உள்ளவர்களுக்கு. என்னைப்போன்றவர்களுக்கு நல்ல மனசு, மேனேஜருக்கு வேலை. இது புரிந்த இடம் டவுன்ஷிப்பின் பதினெட்டாம் பிளாக் முனை.

அவர் வாசலில் குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஈரக்கையோடு வாங்கிப் படித்தார். முடிக்கும் முன்பே கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

“கம்பெனி பேரு கெட்டுடும், கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம்னு மேனேஜர் வந்து நின்னாரும்மா. அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். நான் என்ன பண்ணட்டும், கடைசியா வந்து சொன்னது அவரு.”

“இப்ப கடைசியா வந்திருக்கறது நான் சார்” என்றேன். குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு ஜன்னல் திறந்தது. “இப்ப நான் சொல்றேன். எழுதுங்க. மேனேஜர் சொல்லித்தான் ரெண்டாவது கடிதம் எழுதினேன், மொதல்ல எழுதினதுதான் உண்மைன்னு எழுதுங்க. உங்க மனசுல உள்ளதத்தானே கேக்கறேன்?”

சத்தம் கேட்டு அவர் மனைவி வெளியே வந்தார். என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கணவரை ஒரு பார்வை பார்த்தார். “இவருகிட்ட எழுதி வாங்கி என்னம்மா பண்ணப் போற? இருபத்தாறு வருஷமா நானும் இவருகிட்ட வாக்கு வாங்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார். அப்புறம் எனக்கு மோர் கொண்டுவரப் போனார்.

சார் எழுதினார். வீட்டில் இருந்த கோடு போட்ட தாளில், அதே அழகான கையெழுத்தில், நான் சொன்னதைவிடவும் நன்றாகவே எழுதினார். ‘அச்சத்தின் காரணமாக’ என்று அவராகவே ஒரு வார்த்தை சேர்த்திருந்தார். கீழே கையெழுத்துப் போட்டு, பெயரும் பதவியும் தெளிவாக எழுதி, ஈரம் காய ஊதிவிட்டு என் கையில் கொடுத்தார். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. மோரைக்கூட மடக்கென்று குடித்தேன். நாளைக் காலையில் முதல் வேலையாக இதை அனுப்பிவிட்டு, அன்று ராத்திரியே சென்னைக்குப் பஸ் ஏறிவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

கேட் வரைக்கும் கூடவே வந்தார். கொக்கியைத் திறந்துவிட்டவர், சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடியிருந்தது.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு” என்றார் மெதுவாக. “இத நான் எழுதிக் கொடுத்தேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதம்மா. உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

கும்பிடவும் செய்தார். கையெழுத்தும் பெயரும் போட்ட காகிதம் என் கையில் இருந்தது. என்னைவிட இரண்டு மடங்கு வயதுள்ளவர் தன் வீட்டுக் கேட்டில் நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

“சரிங்க சார்” என்றேன்.

அந்தக் கடிதத்தை நான் அனுப்பவில்லை. அந்த நாள் வந்தது, போனது. அம்மாவிடம், எழுத்துத் தேர்வில் என்னைவிட நன்றாகச் செய்தவர்களை வைத்தே இடம் நிரம்பிவிட்டது என்று சொன்னேன். அவர்மேல் உள்ள கோபத்தையாவது வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி எழுதி இறக்கிக்கொள்கிறேன். சரிங்க சார் என்று சொன்னவளை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.